வாலில் தைத்த பல்

பல் வியாபாரி ரவுஷ் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி எட்டே கால். பல் இன்னும் எலும்பை விட்டு வந்தபாடில்லை.

டிராக்டர் கொட்டகையின் ஓரத்தில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் ஆர்டிஸ் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையில் காற்று ஊசி. பேனா அளவுதான் இருக்கும். கம்ப்ரசரோடு இணைத்துவிட்டால் நுனி வண்டு மாதிரி இரைந்துகொண்டு கல்லைக் கொத்தித் தள்ளும். எதிரே மணல் பையின் மேல் ஒரு வால் எலும்பு. வாத்துமூக்கன் என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற, இலை தழை தின்னும் டைனோசருடையது. அதன் முதுகு முள்ளில் ஆப்பு அடித்தது போலச் சாய்வாக இறங்கியிருந்தது ஒரு பல், ஊன் தின்னும் டிரெக்ஸ் டைனோசருடையது. வெளியே தெரிந்த பாகமே அவள் கட்டைவிரலைவிடத் தடிமன். காப்பிக்கொட்டை நிறம். ஓரத்தில் ரம்பப் பற்கள் ஒன்றுகூட மழுங்காமல் வரிசையாக நின்றன.

ஜூனில் பெய்த மழைக்குப் பிறகு பண்ணையின் வடக்குச் சரிவில் இது கண்ணில் பட்டபோது அவளால் நம்ப முடியவில்லை. முப்பது வருடமாக அந்தச் சரிவுகளில் நடக்கிறாள். மூன்று கொம்பன் என்கிற டைனோசரின் பற்கள் வாளி வாளியாகக் கிடைத்திருக்கின்றன. டிரெக்ஸ் பல் என்றால் உடைந்த துண்டுகள்தான். இது முழுசு.

ஆர்டிஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிழக்கே, பக்கத்து வீட்டுக்குப் போகவே பதினொரு மைல் வண்டி ஓட்ட வேண்டிய மாட்டுப் பண்ணையில் பிறந்து, அங்கேயே மெர்லைக் கட்டிக்கொண்டு, அங்கேயே இருப்பவள். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் காலையும் மாலையும் பள்ளி பஸ் ஓட்டுவாள். மற்ற நேரமெல்லாம் பல். இதுவரை விமானம் ஏறியதில்லை. ஆனால் அவள் அலமாரியின் இழுப்பறைகளில் மொராக்கோ இருந்தது, உஸ்பெகிஸ்தான் இருந்தது, இங்கிலாந்தின் தென்கரைத் தீவு ஒன்று இருந்தது, நைஜர் பாலைவனம் இருந்தது. எல்லாம் பண்டமாற்று. தன் நிலத்துப் பற்களைக் கொடுப்பாள். உலகம் சுற்றிய ரவுஷ் மாதிரி ஆட்கள் அந்தந்த ஊர்ப் பல்லைக் கொண்டுவந்து தருவார்கள். எந்த ஊர், எந்தப் பாறை என்று எழுதிய சீட்டு இல்லாத பல்லை அவள் வீட்டுக்குள் சேர்ப்பதே இல்லை.

அவளிடம் இல்லாதது மடகாஸ்கர். அந்தத் தீவில் ஓர் ஊனுண்ணி இருந்தது. முகம் குட்டை, பல்லும் குட்டை. ஆனால் அந்தத் தீவுக்கு அதுதான் ராஜா. தன் வடக்குச் சரிவில் டிரெக்ஸ் திரிந்த அதே கடைசிக் காலத்தில், பூமிப் பந்தின் அந்தப் பக்கத்தில், அதுவும் திரிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தாலே அவளுக்கு மயிர்க்கூச்செறியும். இங்கே பகல் என்றால் அங்கே இரவு. இரண்டுக்கும் ஒரே நிலா. இரண்டு பல்லையும் ஒரு பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய இருபது வருட ஆசை.

போன வாரம் ரவுஷ் தொலைபேசியில் சொன்னார். "மடகாஸ்கர் பல் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. தீவை விட்டு அந்தக் காலத்துலயே முறையா வெளிய வந்தது, பத்திரம் இருக்கு. வேரோட இருக்கு ஆர்டிஸ், வேரோட. பதிலுக்கு நல்ல டிரெக்ஸ் பல் வேணும்."

"இருக்கு."

"நுனி?"

"எலும்புக்குள்ள மாட்டியிருக்கு. எடுத்துர்றேன்."

"அப்ப பேச்சு முடிஞ்சதா?"

"முடிஞ்சது," என்றாள் ஆர்டிஸ்.

அந்த வட்டாரத்தில் அது பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

பிரச்சினை என்னவென்றால், பல்லைச் சுற்றி எலும்பின் மேல் கரடுமுரடாக ஒரு கட்டி படர்ந்திருந்தது. அந்த மண்ணில் இது வழக்கம்தான். எலும்பின் மேல் இரும்புக் கசிவு ஊறி, துருப்பிடித்த காலிஃபிளவர் மாதிரிக் கல்லாகிக் கிடக்கும். புதனிலிருந்து அதைத்தான் கொத்திக்கொண்டிருந்தாள். பாதி போய்விட்டது. ஒரு பக்கம் முழுசாகத் திறந்துவிட்டது. விரலால் தொட்டால் பல் லேசாக ஆடியது.

ஒன்பதே முக்காலுக்குள் முடித்துவிடலாம் என்று ஊசியை வைத்தாள். ஒரு சில்லு தெறித்து மேஜையில் விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உடைந்த முகத்தில் சின்னச் சின்னத் துளைகள், ரொட்டியை வெட்டினாற்போல.

யோசிக்கவே இல்லை. முப்பது வருடப் பழக்கம், நாக்கில் வைத்துவிட்டாள். கல்லா எலும்பா என்று தெரியாத எதையும் அங்கே எல்லாரும் செய்வது அதுதான். கல் நாக்கில் வழுக்கும். எலும்பு என்றால் அதன் நுண்துளைகள் எச்சிலை உறிஞ்சி நாக்கைக் கவ்விக்கொள்ளும்.

சில்லு கவ்விக்கொண்டது.

ஆர்டிஸ் காற்று ஊசியை அணைத்தாள். சில்லை நாக்கிலிருந்து பிய்த்து எடுத்தாள். இன்னொன்றை வைத்தாள். அதுவும் கவ்வியது. ஜன்னல் கட்டையில் கிடந்த நிஜமான இரும்புக் கல்லை எடுத்து வைத்துப் பார்த்தாள். வழுக்கியது.

பூதக்கண்ணாடியை எடுத்தாள். இன்னும் கொத்தாத பக்கத்தில் எலும்பும் கட்டியும் சேரும் இடத்தைத் தேடினாள். சேரும் இடமே இல்லை. எலும்பு எழும்பி, பொங்கி, பல்லின் வழவழப்பான மேற்பரப்பின் மீது உதடு மாதிரி மடிந்து ஏறியிருந்தது. ஓடைக்கரையில் அவளுடைய அப்பா ஒரு காட்டன்வுட் மரத்தில் முள்கம்பி அடித்து வேலி போட்டிருந்தார். நாற்பது வருடத்தில் மரம் அந்தக் கம்பியை விழுங்கிவிட்டது. பட்டை கம்பியைச் சுற்றிப் புடைத்துக்கொண்டு நின்றது. இதுவும் அதே புடைப்புதான்.

கம்பியை மரம் விழுங்க வேண்டும் என்றால் மரத்துக்கு உயிர் இருக்க வேண்டும்.

 டிரெக்ஸ் செத்த பிணத்தைக் கடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிருகத்தின் வாலைக் கடித்திருக்கிறது. பல் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கடிபட்டது தப்பித்துவிட்டது. தப்பித்து, புண் சீழ் பிடித்து, ஆறி, பல்லை எலும்பு மூடுகிறவரை மேய்ந்துகொண்டும் நடந்துகொண்டும் இருந்திருக்கிறது. அந்த வாயிலிருந்து உயிரோடு போன ஒன்று இவள் மேஜையில் இருக்கிறது. அந்தக் கதையின் பாதியை மூன்று நாளாக இவளே கொத்தித் தரையில் தள்ளியிருக்கிறாள்.

தரையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"மெர்ல்!"

மெர்ல் காப்பிக் கோப்பையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றான். பெரிய உடம்பு, அவசரம் என்பதே தெரியாத ஆள்.

"இங்க கீழ கிடந்த தூளெல்லாம் எங்க?"

"பெருக்கிட்டேன். ஒரு நன்றி கூடச் சொல்ல மாட்டியா?"

"பெருக்கி எங்க போட்டே?"

"கேட்டு வாசல்ல இருக்கிற பள்ளத்துல. ராத்திரி பெஞ்ச மழையில களி மண்ணு பசை மாதிரி ஆயிருச்சு. உன் ரவுஷ் வண்டி மாட்டிக்கிச்சுன்னா யாரு தள்றது? நான்தான். ஒரு வாளி கல்லுத்தூளு, சும்மாத்தானே கிடக்குதுன்னு கொட்டினேன்."

"அது கல்லு இல்ல மெர்ல். எலும்பு."

"மூணு நாளா நீதானே கல்லு கல்லுன்னு திட்டிக்கிட்டிருந்தே?"

"தப்பா சொன்னேன்."

மெர்ல் காப்பியை ஒரு வாய் குடித்தான். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வார்த்தையை அவன் அதிகம் கேட்டதில்லை. "இன்னொரு தடவை சொல்லு, காதுக்கு இதமா இருக்கு," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். அப்போதுதான் தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது.

ரவுஷ் எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னால் வருகிறவர்.

மெர்ல் ஓடி ஆர்டிஸ் பார்த்து வெகு நாளாகிவிட்டது. இப்போது ஓடினான். பூட்ஸில் களிமண் அப்பி, ஒவ்வொரு அடிக்கும் கால் யானைக்கால் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கேட்டுக்கு நடுவில் போய் நின்றான். பச்சை நிற பிக்கப் வண்டி அவன் முட்டிக்கு நாலடி முன்னால் நின்றது.

ரவுஷ் தலையை நீட்டினார். அறுபத்தைந்து வயது, ஒல்லி, தொப்பிக்குள் வெளுத்த முடி. "என்னடா இது, காளைக்கு மறியல் பண்ற மாதிரி?"

"பள்ளத்துல ஏத்திராதீங்க. கீழ எலும்பு கிடக்கு."

"யாரோட எலும்பு?"

"வாத்துமூக்கனோடது. நான்தான் கொட்டினேன். அதைப் பத்தி வீட்டுல அப்புறம் பேசிக்குவாங்க."

ஆர்டிஸ் சல்லடையும் கரண்டியுமாக வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ரவுஷ், பல்லை நான் தர முடியாமப் போகலாம். ஏன்னு காட்றேன். அதுக்கு முன்னால இதைப் பொறுக்கணும்."

ரவுஷ் அவளைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். எரிச்சல் முகத்தில் தெரிந்தது. ஆனால் தரையில் எலும்பு கிடக்கிறது என்று கேட்டபின் நின்றுகொண்டிருக்க அவராலும் முடியாது. வண்டியை அணைத்துவிட்டு முட்டி போட்டார்.

மூன்று பேரும் பள்ளத்துக் களியை அள்ளி அள்ளி வாளியில் போட்டார்கள். தண்ணீர் விட்டு அலசினார்கள். சல்லடையில் தங்கியவற்றை எடுத்துப் போய், மெர்லுக்கு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் சுடும் தட்டில் பரப்பி அடுப்புக்குள் இளஞ்சூட்டில் வைத்தாள் ஆர்டிஸ். ஈரமாக இருந்தால் நாக்கில் ஒட்டாது.

காய்ந்து வருவதற்குள் ரவுஷைக் கொட்டகைக்கு அழைத்துப் போய் எலும்பைக் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, பல்லை இரண்டு விரலால் பிடித்தார். அது ஆடியது.

"ஒரு திருகு போதும், வந்துரும்," என்றார்.

"தெரியும்."

"எலும்பை நான் வாங்குறதில்ல ஆர்டிஸ். என்கிட்ட கேக்குறவங்க பல்லுதான் கேக்குறாங்க. எலும்பை வச்சுக்க, படம் எடுத்து மாட்டிக்க. பல்லைக் குடு."

"பல்லு வெளிய வந்துட்டா இது ஓட்டை விழுந்த எலும்பு. அவ்வளவுதான். ஆறின புண்ணு, அதுக்குள்ள இருக்கிற பல்லோட சேந்து இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம்."

ரவுஷ் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய தகரப் பெட்டியை எடுத்தார். பஞ்சை விலக்கி, உள்ளே இருந்ததை அவள் உள்ளங்கையில் வைத்தார். நல்ல வியாபாரி வாயால் பேச மாட்டான்.

மடகாஸ்கர். அவள் நினைத்ததைவிடச் சின்னதாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தேன் நிறம். வேர் கருத்து நீண்டு இறங்கியது. வேரோடு இருக்கிறது என்றால் தானாக விழுந்த பல் அல்ல. அந்த மிருகம் செத்தபோது தாடையில் இருந்த பல். அதன் கடைசி நாளை அது பார்த்திருக்கிறது. ஆர்டிஸ் விரலை மூடினாள். பூமியின் அந்தப் பக்கம் அவள் கைக்குள் இருந்தது. பக்கத்தில், மணல் பைமேல், இந்தப் பக்கம்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. சமையலறையிலிருந்து மெர்ல் கத்தினான். "உங்க எலும்பு வெந்துருச்சு, பரிமாறவா?"

மூன்று பேரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் மடகாஸ்கர் பல்லை ரவுஷின் பெட்டியில் வைத்து மேஜை நடுவில் திறந்தபடியே வைத்தாள். தட்டில் இருநூறுக்கு மேல் சில்லுகள். ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தார்கள். கவ்வினால் இடது பக்கம், வழுக்கினால் வலது பக்கம்.

"என் தாத்தா கூட்டிட்டுப் போன சர்ச்சு ஞாபகம் வருது. அங்கயும் நாக்கை நீட்டிக்கிட்டு வரிசையா நிப்போம், நற்கருணை அப்பத்துக்கு," என்றான் மெர்ல். ஒன்றை நாக்கிலிருந்து உரித்தான். "இது எலும்பு. இல்ல, என் பழைய பல்லு அடைப்பா இருக்குமோ?"

"பேசாம நக்கு," என்றாள் ஆர்டிஸ்.

ரவுஷ் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் செய்தார். கொஞ்ச நேரத்தில் கை வேகம் குறைந்தது. ஒரு சில்லை நாக்கில் வைத்தவர் அதை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் ஒரு முகம் வளைவாகக் குழிந்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. குழிவின் ஓரத்தில் ஊசிமுனை அளவு பள்ளங்கள், வரிசை மாறாமல்.

"ரம்பப் பல்லு அச்சு," என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. "பல்லு மேலயே வளந்திருக்கு. மெழுகு உருக்கி ஊத்தின மாதிரி."

"காட்டுங்க."

கொடுத்தார். கொடுத்த கையைப் பின்னால் இழுக்க மறந்துவிட்டார்.

இடது பக்கத்தில் நாற்பத்தொரு சில்லுகள் சேர்ந்தன. மதியத்துக்குள் கொட்டகையில் ஆர்டிஸ் அவற்றைப் பொருத்த ஆரம்பித்தாள். மெல்லிய பசை, இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக. அச்சு விழுந்த சில்லைப் பல்லின் ரம்பத்தில் வைத்தபோது அது தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டு உட்கார்ந்தது. அதற்கு மேல் பல் ஆடவில்லை. முப்பத்தெட்டு பொருந்தின. மூன்றுக்கு இடம் தெரியவில்லை. கட்டியின் நடுவில் நகக்கண் அளவு ஓர் ஓட்டை நின்றது. அந்தத் துண்டு தூளாகப் போயிருக்க வேண்டும்.

ரவுஷ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். 

ஆர்டிஸ் எழுந்தாள். "நான் வாக்குக் குடுத்தேன். இப்ப மாறுறேன். உங்க பல்லு உங்ககிட்டயே இருக்கட்டும். அலமாரி திறந்திருக்கு."

அது அவர்களுக்குள் எழுதாத சட்டம். பேச்சு முடிந்தபின் பின்வாங்கினால், பின்வாங்கியவர் அலமாரியிலிருந்து மற்றவர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எது என்று கேட்கக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது. அந்தச் சட்டம் இருப்பதால்தான் அங்கே யாரும் பின்வாங்குவதில்லை.

"அவசியமில்லன்னு சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு," என்றார் ரவுஷ்.

"சொல்லாதீங்க. அப்புறம் அடுத்த தடவை உங்ககிட்ட பேரம் பேச எனக்கு முகம் இருக்காது."

வீட்டுக்குள் போனார்கள். ரவுஷ் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இங்கிலாந்தைத் தொட்டார், உஸ்பெகிஸ்தானைத் தாண்டினார். நைஜரில் நின்றார். அவள் சேர்த்ததிலேயே பெரியது அது. கத்தி மாதிரித் தட்டையாக, மணல் நிறத்தில், குறுக்கே அலை அலையாகச் சுருக்கம் ஓடிய பல். பதினாறு வருடத்துக்கு முன், மூன்று கொம்பனின் பற்கள் நூறு கொடுத்து வாங்கியது. மெர்ல் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஆர்டிஸ் அவன் கையை அழுத்தினாள்.

ரவுஷ் அதைச் சீட்டோடு எடுத்துப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். "நல்ல பல்லு," என்றார்.

"தெரியும்," என்றாள். நைஜர் இழுப்பறையைத் தானே தள்ளி மூடினாள். 

மெர்ல் மட்டும் வண்டிவரை கூடப் போனான். ஆர்டிஸ் கொட்டகைக்குத் திரும்பி, பசை காய்ந்த இடத்தில் விரலை வைத்தாள். எலும்பிலிருந்து கட்டிக்கு, கட்டியிலிருந்து பல்லுக்கு. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேய்ந்த மிருகம் எங்கே முடிகிறது, வேட்டையாடிய மிருகம் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் இதே மண்ணில் ஒன்று வலியோடு நடந்து நடந்து, வலி குறைந்து, ஒரு நாள் அதை மறந்தே போயிருக்கும். மற்றவற்றோடு நீர்த்துறைக்கு இறங்கியிருக்கும். வாலை வீசி ஈ ஓட்டியிருக்கும். தன்னைத் தின்ன வந்ததன் பல்லைத் தனக்குள் வைத்துக்கொண்டு.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பள்ளத்தைத் தாண்டும் சத்தமும் கேட்டது. பிறகு நின்றது.

ரவுஷ் ஜன்னலிலிருந்து கேட்டது கொட்டகைவரை காதில் விழுந்தது. "மெர்ல், அது எத்தனை நாள் அப்படியே இருந்திருக்கும்னு அவளைக் கேளு."

"ஆர்டிஸ், எத்தனை நாளாம்?"

"நாளா? வருஷம்," என்று உள்ளிருந்தே சொன்னாள். "எத்தனைன்னு தெரியல. கட்டி இவ்வளவு தடிமனா வளரணும்னா மாசத்துல ஆகாது."

 எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது. கதவு திறந்து மூடியது. களியில் இரண்டு ஜோடிக் கால்கள் சளக் சளக் என்று நெருங்கி வந்தன.

ஆர்டிஸ் மேஜையில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்தாள்.